இனிப்புத் தேநீர் பசியாற்றுமா?

தோழர்களே! விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய், பிள்ளைக்கு டின்பால் தேநீரும் வெள்ளை ரொட்டியும் வைத்துவிட்டுப் போகிறாள். அலோர்காஜாவிலும் ஜாசினிலும் நாம் கண்ட காட்சி இது.

டின்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. அது இரத்தத்தில் விரைந்து ஏறுகிறது. இன்சுலின் சுரந்ததும் இறங்குகிறது. பத்து மணிக்குள் வயிறு கத்துகிறது. பிள்ளை மறுபடி இனிப்பையே தேடுகிறது. முட்டையோ அவித்த கடலையோ சேர்ந்தால் சர்க்கரை மெல்ல ஏறும், பசியும் தாங்கும்.

“தாய்மாரின் அறியாமை” என்று ஏசுவோர் உண்டு. அந்த ஏச்சை நாம் ஏற்கமாட்டோம்! இருட்டில் பால்மரம் வெட்டப் போகிறவள் எப்போது உலை வைப்பாள்?

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். நாக்கின் பழக்கமோ சிறுவயதிலேயே ஊன்றிவிடுகிறது.

அதே 2019இல், மறு ஆண்டு முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசக் காலை உணவு என்றார்கள். அனைவருக்கும் வந்ததா? இல்லை! தமிழ்நாட்டிலோ 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் விரிந்தது. உப்புமா, பொங்கல், காய்கறிச் சாம்பார்!

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? முதல் மணி அடிக்குமுன் பள்ளியில் சூடான உணவு வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் இனிப்புத் தண்ணீர் ஒழிய வேண்டும். வீட்டில் நாமும் டின்பால் கரண்டியைக் குறைப்போம்; இரவே கடலையை ஊறவைப்போம். வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்!