நத்தையைக் கொன்னது யாரு?

உங்க ஹாஸ்டல் ரூம்ல என்ன வளர்க்கிறீங்க? 'மூட்டைப்பூச்சி'ன்னு சொல்றவங்க அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். ஜன்னலோரம் ஒரு தொட்டி, அதுல அஞ்சாறு கப்பி, ரெண்டு மோலி, கூடவே 'கண்ணாடியைத் தானா க்ளீன் பண்ணும்'னு கடைக்காரர் தலையில கட்டின நத்தையும் வெச்சிருக்கீங்களா? இந்த வாரம் உங்களுக்குத்தான்.

கோவையில படிச்சப்போ எங்க ரூம்ல ஒரு 40 லிட்டர் தொட்டி இருந்துச்சு. ஓனர் என் ரூம்மேட். பேரு வேணாம், 'அக்வா'ன்னு வெச்சுக்குவோம். அவன் பிறந்த நாளுக்கு ப்ளஸ் ஒன் படிக்கிற தங்கச்சி, உண்டியல் காசுல வாங்கித் தந்தது நாலு மஞ்சள் மிஸ்டரி நத்தை. போன் பண்ணா அண்ணனை விசாரிக்கிறதுக்கு முன்னாடி நத்தையைத்தான் விசாரிப்பா. நாலும் ஒரே செமஸ்டர்ல காலி.

முதல் ஆள் கட்டிலுக்கு அடியில கருவாடா கிடந்தான். இந்த வகைக்கு செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. முட்டை போட தண்ணிக்கு மேல ஏறும், தண்ணி கெட்டாலும் ஏறும். நாங்க தொட்டிக்கு மூடி போடலை. கேஸ் க்ளோஸ்!

ரெண்டாவது ஆள் கதைதான் சுவாரஸ்யம். ஓட்டுல வெள்ளை வெள்ளையா அரிச்சு, உச்சியில குழி விழுந்து, மாசக்கணக்குல இளைச்சுப் போய்ச் செத்தான். அக்வா ஊத்தினது என்ன தெரியுமா? சிறுவாணி! மெஸ்ல குடிக்கப் பிடிச்சு வைக்கிற தண்ணியை நத்தைக்குன்னு குடத்துல தூக்கிட்டு வருவான். நமக்கு இனிக்கிற அந்த மெதுவான தண்ணியில சுண்ணாம்புச் சத்து கம்மி. நத்தை ஓடு முழுக்க கால்சியம் கார்பனேட். தண்ணியில கால்சியம் இல்லாம, பிஎச் 7-க்குக் கீழ போனா ஓடு கரைய ஆரம்பிக்கும். பாத்ரூம்ல சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணி வருமே, நாம மூஞ்சி கழுவவே யோசிப்போமே, அந்த போர் தண்ணிதான் நத்தைக்கு ஹார்லிக்ஸ். ஆர்.ஓ. தண்ணி ஊத்துற பணக்கார ரூம்களும் கவனிங்க ப்ளீஸ்.

இப்போ மூணும் நாலும். இங்கதான் எனக்கு எழுதவே கூச்சமா இருக்கு.

அக்வா ஊருக்குப் போயிருந்த வாரம். மீன் உடம்புல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. பயந்துபோய் கடைக்கு ஓடி ஒரு நீல பாட்டில் மருந்து வாங்கிட்டு வந்து, சொன்ன அளவுக்கு ரெண்டு சொட்டு கூடவே விட்டேன். மீன் எல்லாம் ஜம்முனு ஆயிடுச்சு. எனக்கு ஒரே பெருமை. மூணாம் நாள் ரெண்டு நத்தையும் தரையில விழுந்து கிடக்கு. தொட்டா உள்ளே இழுத்துக்கலை, வாசல் மூடி தொங்குது. வெளியே எடுத்தா... வேணாம், நீங்க சாப்பிட்டிருப்பீங்க. சந்தேகமா இருந்தா மூக்கை நம்புங்க. உயிரோட இருக்கிற நத்தைகூட சில நாள் அசையாம கிடக்கும், மிதக்கும். ஆனா நாறாது. செத்ததை உடனே எடுக்கலைன்னா அது அழுகி, அம்மோனியா ஏறி, மீனும் போயிடும்.

திரும்பி வந்த அக்வாகிட்ட 'வயசாயிடுச்சுடா'ன்னு சொல்லிட்டேன். நம்பவும் செஞ்சான். சூடான தண்ணியில இதுங்க ஆயுசு ஒரு வருஷம் சொச்சம்தான், பெரிசா வாங்கினா பாதி வயசு கடையிலேயே போயிருக்கும்ங்கிறதும் நிஜம்தான். ராத்திரி தூக்கம் வராம அந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். காப்பர் சல்பேட். அதாவது மயில்துத்தம்!

நம்ம ரத்தத்துல இரும்பு மாதிரி, இந்த நத்தை ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிறது தாமிரம். அதுக்காக கூடுதலா கொடுத்தா தாங்குமான்னா, தாங்காது. மீன் தாங்குற அளவே நத்தைக்கு விஷம். எகிப்துல பில்ஹார்சியா நோயைப் பரப்புற நத்தைகளை ஒழிக்க 20-ஆம் நூற்றாண்டுல வாய்க்கால்கள்ல கொட்டினதே இதைத்தான். அவங்க தெரிஞ்சு பண்ணாங்க, நான் தெரியாம பண்ணேன். மீனுக்கு மருந்து போடணும்னா முதல்ல நத்தையை வேற பக்கெட்டுக்கு மாத்தணும் பாஸ். லேபிள்ல 'காப்பர்'னு இருந்தா, மருந்து முடிஞ்ச கையோட திரும்ப விடவும் கூடாது. தாமிரம் கூழாங்கல்லுல ஒட்டிக்கிட்டு நின்னு கொல்லும்.

காலையில டீ வாங்கிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அக்வா கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தான். 'மீனாவது பொழைச்சுதுல்ல... விடு. ஆனா தங்கச்சிகிட்ட நீயே சொல்லு'ன்னான். சொன்னேன். ரெண்டு மாசம் என்கிட்ட பேசலை அவ.

கல்லை எல்லாம் தூக்கிப் போட்டோம். ஃபில்டர்ல கார்பன் வெச்சு, பல வாரம் தண்ணி மாத்தினோம். லவ் பேர்ட்ஸ் கூண்டுல தொங்குமே, அந்த கணவாய் ஓட்டுல ஒரு துண்டு போட்டோம். மெஸ் வெள்ளரிக்காயை அவிச்சுக் கொடுத்தோம், ஏன்னா பளபளன்னு துடைச்ச கண்ணாடியில நத்தைக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது. அப்புறம்தான் புதுசா ரெண்டு நத்தை. உப்புத் தண்ணியில, மூடி போட்டு!

ஒரு நாள் காலையில மூடிக்கு அடியில வெளிர் ரோஸ்ல முட்டைக் கொத்து. உக்கடம் குளத்துல விட்டுடலாமான்னு பக்கத்து ரூம்ல ஐடியா கொடுத்தாங்க. 1980-கள்ல பிலிப்பைன்ஸ்ல இதோட சொந்தக்கார நத்தை வயலுக்குள்ள புகுந்து நெல்லை மொட்டையடிச்ச கதையைச் சொல்லி வாயை அடைச்சான் அக்வா. அப்புறம் தங்கச்சிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் பண்ணி, என் கையில கொடுத்தான்.