கம்ப்யூட்டர் சித்திரமும் குலவித்தையும்

சித்திரம் எழுதுவது என்பது பிறவியிலேயே வரவேண்டியது என்றும், அது சரஸ்வதி கடாட்சம் என்றும், அதுவும் இல்லாவிட்டால் அப்பன் பாட்டன் வழியில் இரத்தத்தில் ஊறி வரவேண்டும் என்றும் நமது நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றார்கள். இப்படிச் சொல்லுவதால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். நன்றாக எழுதுகிற பிள்ளையைப் பார்த்துக் "கடவுள் கொடுத்தார்" என்று சொல்லிவிடலாம். எழுத வராத பிள்ளையைப் பார்த்துக் "கொடுத்து வைக்கவில்லை" என்று சொல்லிவிடலாம். இரண்டிலும் உபாத்தியாயருக்கு வேலையுமில்லை, சர்க்காருக்குச் செலவுமில்லை. இந்த நாட்டில் எந்தப் பொறுப்பையாவது தட்டிக்கழிக்க வேண்டுமானால் அதற்குக் கடவுளைப்போல் வசதியான ஆசாமி வேறு கிடையாது.

இந்தப் பேச்சுக்கு நேர்விரோதமான காரியம் ஒன்று சர்க்கார் பாடப்புத்தகத்திலேயே நடந்திருக்கின்றது. 2019-ல் வெளிவந்த தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "டிஜிட்டல் ஓவியம்" என்று ஒரு பாடம் சேர்க்கப்பட்டது. கம்ப்யூட்டரில் சித்திரம் எழுதுவதற்கு அது முதற்பாடம். சித்திரம் அறிவியல் புத்தகத்துக்குள் வந்தது என்பதையே நாம் பெரிய விசேஷமாகக் கருதுகின்றோம். பக்திப் பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், வெப்பம், ஒளி, உணவு ஆகியவைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, செய்தது நல்ல காரியமேயாகும்.

பிள்ளைகளுக்கு அதில் அறிமுகம் செய்துவைக்கப்படுவது டக்ஸ் பெயிண்ட் என்னும் ஒரு கம்ப்யூட்டர் சாதனம். 2002-ல் பில் கென்ட்ரிக் என்ற அமெரிக்கத் தோழர் சிறு பிள்ளைகளுக்கென்று ஆரம்பித்தது. விலை கிடையாது. யாரும் பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். அது எப்படி வேலை செய்கின்றது என்று உள்ளே எழுதிவைத்திருப்பதை எவரும் எடுத்துப் படிக்கலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றவேண்டும் என்றும், ஓதினால் நாக்கை அறுக்கவேண்டும் என்றும் தர்ம சூத்திரம் எழுதிவைத்த நாட்டிற்கு இது எப்படிப்பட்ட சரக்கு என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். அதில் கோடு தவறிப்போனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கின்றது. தவறிய கோட்டுக்குப் பரிகாரமில்லை, பிராயச்சித்தமில்லை, தட்சணையில்லை.

திருச்சி ஜில்லாவில் மணப்பாறைக்குத் தெற்கே, துவரங்குறிச்சிப் பக்கத்தில் இருக்கின்ற மருங்காபுரியை எடுத்துக்கொள்ளுவோம். ஒரு காலத்தில் ஜமீன். அந்த ஜமீனைச் சேர்ந்த லட்சுமி அம்மணி அம்மையார் திருக்குறளுக்குத் "தீபாலங்காரம்" என்ற பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் படிப்பதே பாவம் என்று பேசப்பட்ட காலத்தில் ஒரு பெண் குறளுக்குப் புத்தகம் எழுதியது மெச்சத்தக்கதே. ஆனால் அரண்மனையில் பிறந்ததால் அவருக்கு ஏடும் எழுத்தும் கிடைத்தன. அதே ஜமீன் பூமியில் மழையை நம்பி உழுத குடியானவன் மகளுக்கு அறிவு குறைவாகவா இருந்தது? கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 1948-ம் வருஷச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. இன்று அந்தக் குடியானவன் பேத்தி சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வாசித்தால், மேற்படி சித்திரப் பாடம் அவளுக்கும் உண்டு. அதை அவளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கின்றோம் என்பதில்தான் காரியம் இருக்கின்றது.

முதலாவது, கம்ப்யூட்டர் சித்திரம் என்பது என்ன? சிறுசிறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரையில் இருக்கலாம். இவைகளைக் கூட்டிக் கலைத்தால் வரக்கூடிய நிறங்கள் 1,67,77,216. இவ்வளவுதான் சூட்சுமம். இதில் கடாட்சம் எங்கே இருக்கின்றது?

புள்ளியும் கணக்கும் நம் பெண்களுக்குப் புதிதுமல்ல. வாசலில் புள்ளி வைத்து, எண்ணி, வளைத்து, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்கின்ற கோலம் சுத்தமான கணக்கு. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகிய பேராசிரியர்களும் கமலா கிருதிவாசன் அவர்களும் கோலத்துக்கு இலக்கணம் கண்டு, அதைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானப் பத்திரிகையில் 1974-ல் வெளியிட்டார்கள். அதுவரையில் நமது புத்திசாலிகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? "வாசலில் கோலம் போட்டால் லட்சுமி வருவாள்" என்றார்கள். விடியற்காலையில் எழுந்து குனிந்து எழுதியது பெண், பெருமை லட்சுமிக்கு! எழுதப்படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி தினந்தோறும் செய்துவந்தது கணக்கு என்பதை மகளுக்கு உணர்த்துவதற்கு இந்தப் பாடத்தைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் நம் பள்ளிக்கூடங்களில் நிறம் என்பது வெறும் நிறமாக இல்லை. சாதிக்கு ஒரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகின்றார்கள் என்று, அதைத் தடுக்கக் கல்வி இலாகா 2019-ல் சுற்றறிக்கை அனுப்பவேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்படித்த பையன்களே ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பேரில் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வர்ணக் கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்று சிபாரிசு செய்தது. தடை அவசியந்தான். ஆனால் கயிற்றை அறுத்தால் போதுமா? புத்தியில் கட்டியிருக்கிற கயிற்றை அறுப்பது யார்? சித்திரப் பாடத்தில் பையனை உட்காரவைத்து, "நீ கையில் கட்டியிருக்கும் சிவப்புக்கு எண் 255, 0, 0. அந்த மூன்று எண்களில் உன் சாதி எந்த எண்ணில் இருக்கின்றது, காட்டு" என்று உபாத்தியாயர் கேட்கட்டும். அவன் சிரிப்பான், சிரித்த பிறகு யோசிப்பான். அறிவுரைப் பிரசங்கம் நூறு கேட்டாலும் அவனுக்கு ஏறாதது அதில் ஏறக்கூடும்.

மனிதனை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் அநேகமாக வெளுத்த ரோஜா நிறத்தில் எழுதுகின்றார்கள். வெயிலில் களை பறிக்கிற தாயாருக்கும் அந்த நிறந்தான். கேட்டால் அதுதான் "தோல் நிறம்" என்பார்கள். அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி அப்படி ஒரு குச்சிக்கு "சதை நிறம்" என்று பெயர் வைத்திருந்து, 1962-ல் அது தப்பு என்று மாற்றிக்கொண்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட நிறங்களுக்குள் தன் தாயின் நிறம் எங்கே என்று தேடிப்பிடிக்க ஒரு பிள்ளையை ஏவினால், அது சித்திரப் பாடமும் ஆகும், மானப் பாடமும் ஆகும்.

இரண்டாவது, படம் எப்படி உற்பத்தியாகின்றது என்று தெரிந்தவனைப் படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. நம் ஜனங்கள் பூஜை அறையில் மாட்டிக் கும்பிடுகின்ற லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இன்றைய முகத்தையும் சேலையையும் கொடுத்தவர் ரவிவர்மா. அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1894-ல் பம்பாயில் அவர் ஆரம்பித்த அச்சுக்கூடம். அதற்குப் பிறகு தென்னாட்டில் கோவில்பட்டி கொண்டைய ராஜு எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசிக் காலண்டரில் ஏறி மூலைமுடுக்கெல்லாம் போயின. அவர்கள் கெட்டிக்காரச் சித்திரக்காரர்கள், அதை நாம் மறுக்கவில்லை. கல்லிலும் மையிலும் உண்டான முகத்தைக் கண்டு, "கனவில் இதே ரூபத்தில் அம்பாள் வந்தாள்" என்று சொல்லுகிறானே, அவனைப் பற்றித்தான் பேசுகின்றோம். அம்பாள் வேறு எந்த ரூபத்தில் வருவாள்? காலண்டரில் இருக்கும் ரூபந்தானே அவனுக்குத் தெரியும்!

1995 செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடித்தார் என்று தேசமே குவளையோடு வரிசையில் நின்றது. இன்று குவளை வேண்டியதில்லை. மேகத்தில் சிவன், மரத்தில் அம்மன் என்று படங்கள் டெலிபோனிலேயே வந்துவிடுகின்றன. ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைக் கண்ணாடித் தகடுபோல் அடுக்கி ஓரத்தை மங்கச் செய்கின்ற வேலைக்கு லேயர் என்று பெயர். கிரிட்டா, கிம்ப் போன்ற விலையில்லாச் சாதனங்களில் அதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்ட பிள்ளை, வீட்டில் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, "ஆயா, இது இரண்டு லேயர்" என்று சொல்லும். பத்துப் பகுத்தறிவுக் கூட்டம் போட்டு நாம் செய்கிற வேலை அது.

இனிப் பிள்ளைகள் படத்தைப் பார்த்து என்ன சொல்லுகின்றார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். எழுதக் கற்பதில் பாதி, பிறர் எழுதியதைப் பார்த்துக் காரணத்தோடு பேசக் கற்பது. நம் வகுப்புகளில் இது அடியோடு இல்லை. "சூப்பர்", "அருமை", இல்லாவிட்டால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுதல். (ஏகலைவன் காலத்தில் கட்டை விரலைக் கேட்டு வாங்கினார்கள், இப்போது நாமே தூக்கிக் கொடுத்துவிடுகின்றோம்.) ஒரு பையன் கிணற்றடியைச் சித்திரமாக எழுதியிருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் சேந்துகிறவர்களை இடதுபக்கம் பெரிதாகவும், தூரத்தில் குடத்தோடு காத்து நிற்கும் ஒருத்தியைச் சிறிதாகவும் எழுதியிருக்கின்றான். "அருமை" என்றால் பேச்சு முடிந்துபோயிற்று. "அவள் ஏன் தூரத்தில் நிற்கின்றாள்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்த வகுப்பில் பாடம் ஆரம்பமாகின்றது. நன்றாக இருக்கின்றது என்பவன் ஏன் என்று சொல்லட்டும். நன்றாக இல்லை என்பவனும் ஏன் என்று சொல்லட்டும். எழுதியவனும் எழுந்து நின்று, ஏன் அப்படி எழுதினேன் என்று பதில் சொல்லட்டும். உபாத்தியாயர் எழுதிய படத்தையும் இப்படியே கேட்க அனுமதிக்க வேண்டும்.

ஆனால் நாம் பயப்படுவது வேறொன்றைப் பற்றி. மேற்படி டக்ஸ் பெயிண்டில் "ஸ்டாம்ப்" என்று ஒரு பொத்தானும், "மேஜிக்" என்று ஒரு பொத்தானும் இருக்கின்றன. ஸ்டாம்ப் என்பது வேறொருவர் எழுதிவைத்த பூவையோ பிராணியையோ ஒரே தட்டில் ஒட்டிவிடுவது. மேஜிக் என்பது தொட்ட இடத்தில் வானவில்லையோ செங்கல் சுவரையோ உண்டாக்கிவிடுவது. பிள்ளை விளையாடட்டும், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பொத்தானைத் தட்டிப் பத்துப் பூவை ஒட்டிவிட்டுச் சித்திரம் கற்றேன் என்று வெளியே வந்தால், மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறவனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? "இந்த மேஜிக்குக்குள் என்ன இருக்கின்றது?" என்று கேட்கவைப்பதுதான் பாடம்.

பெரியவர்கள் கையில் இந்த மேஜிக் இன்னும் பெரிதாக வந்திருக்கின்றது. வார்த்தையில் சொன்னால் படம் எழுதித் தருகின்ற யந்திரங்கள் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் உலகமெல்லாம் தங்கள் போட்டோவை ஜப்பான் கிப்லி கம்பெனியின் சித்திர ரீதியில் மாற்றி மகிழ்ந்தார்கள். யந்திரம் வந்ததை நாம் எதிர்ப்பவர்களல்ல. வேரா மோல்னார் என்ற அம்மையார் 1968-லேயே பாரிசில் கம்ப்யூட்டரைக் கொண்டு சித்திரம் எழுதினார். 2023-ல் 99-வது வயதில் இறக்கும்வரையில் யந்திரத்தைத் தன் கருவியாகத்தான் வைத்திருந்தார். நாம் கேட்பது, அந்த யந்திரம் யாருடைய உழைப்பைத் தின்று இதைக் கற்றது என்பதுதான். தங்களைக் கேட்காமலே தங்கள் படங்களை யந்திரத்துக்குத் தீனியாகப் போட்டுவிட்டார்கள் என்று, 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று சித்திரக்காரர்கள் சில கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். உழுதவன் ஒருவன், களத்தில் வந்து அளந்துகொண்டு போகிறவன் ஒருவன் என்ற சங்கதி மருங்காபுரிப் பிள்ளைக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. தாத்தாவைக் கேட்டால் போதும்.

இவ்வளவுக்கும் ஆள் வேண்டுமே! இங்கேதான் பழைய கதை திரும்ப வருகின்றது. 1953-ல் ஆச்சாரியார், பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954-ல் காமராஜர் வந்து எடுத்தார். 2023 செப்டம்பர் 17-ல் இந்திய சர்க்கார் "விசுவகர்மா" என்ற பெயரில், 18 கைத்தொழில்களுக்கு, குடும்ப வழித் தொழில் என்ற அடிப்படையை வைத்து ஒரு திட்டம் ஆரம்பித்தது. தமிழ்நாடு அதை அப்படியே ஏற்கமாட்டோம் என்று சொல்லி, சாதியும் குடும்பமும் கேட்காத கைவினைத் திட்டத்தை 2025-ல் ஆரம்பித்தது. மிகவும் சரி. சிற்பி மகன் சிற்பி ஆகவேண்டியதில்லை, யார் மகளும் சித்திரக்காரி ஆகலாம் என்று சொல்லிவிட்டோம். அப்படியானால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அப்பனுக்குப் பதிலாக உபாத்தியாயர் வேண்டுமா இல்லையா?

2012-ல் சித்திரம், கம்ப்யூட்டர், தேகப்பயிற்சி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர உபாத்தியாயர்களாக நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள்; சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அது 10,000 ஆவதற்கு 2021 வரையில் ஒன்பது வருஷம் பிடித்தது. சித்திரமும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஒருவருக்கு இது ஒரு சம்பளமா? ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்களில் ஹைடெக் லேப் வைத்தோம் என்று பெருமையாகச் சொல்லுகின்றோம். பெட்டியை வைத்தோம், ஆளை வைத்தோமா? சித்திர வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காதது எத்தனை பள்ளிக்கூடங்களில் நடக்கின்றது என்று எந்தத் தாய்தகப்பனையும் கேட்கட்டும். பணக்காரன் பிள்ளைக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்து இதே வித்தையைத் தனியாகச் சொல்லிவைக்கின்றார்கள். பிறகு அவன் நன்றாக எழுதினால் "பிறவிக் கலைஞன்" என்பார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் அந்த மேஜிக் பொத்தானைத் தட்டிவிட்டு, "சார், இது எப்படி நடக்கிறது?" என்று கேட்கின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி, உபாத்தியாயர் வருகின்ற மூன்று அரைநாளுக்குள்தான் அவளுக்குப் பிறக்கவேண்டும் என்று கல்வி இலாகா உத்தரவு போட முடியுமா?