உப்பும் அளவும்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் மொழிந்த முதுமொழி. விடுதிச் சோறுண்டு பயின்றோர், ஆண்டு பல கழிந்த பின்னரும் விழாக்காலத்தில் ஒருங்கு கூடுதற்கு இந்நன்றியுணர்வே காரணமெனலாம். அவ்வுப்பு நம் உடலுக்குச் செய்யும் நன்மை யாது, தீமை யாது என்பதையும் இவ்வேளையிற் சிறிது சிந்தித்தல் தகும்.

உப்பு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படும் பொருளன்று. அதிலுள்ள சோடியம் இன்றேல் நரம்புகள் செய்தி கடத்தா, தசைகள் சுருங்கா. வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தையை மீட்கும் ஜீவனி நீரிலும் உப்பு இன்றியமையாத கூறாகும். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் வகுத்த முறைப்படி, ஒரு லீற்றர் நீருக்கு 2.6 கிராம் உப்புச் சேர்க்கப்படுகின்றது. மேலும், இலங்கையில் 1995 ஆம் ஆண்டு முதல் உணவுப்பில் அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. கண்டக்கழலை நோயைத் தடுத்தற்கு அஃது உதவிற்று. ஆதலின் உப்பை அறவே ஒறுத்தல் அறிவுடைமையாகாது.

ஆயின், மிகின் அதுவே பகையாகின்றது. சோடியம் மிகுந்தவிடத்து உடல் நீரைத் தேக்கிக்கொள்ளும். குருதியின் கனவளவு பெருகும். நாளச் சுவர்களில் அமுக்கம் ஏறும். நாட்பட நாட்பட இதயமும் சிறுநீரகமும் தளரும், பாரிசவாதமும் நேரும். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே, அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்ட அளவே, போதுமென மேற்கூறிய நிறுவனம் விதந்துரைக்கின்றது.

நம்முடன் பணியாற்றிய அன்பர் ஒருவர், ஓய்வு பெறுதற்கு ஈராண்டிருக்க, வகுப்பறையிலேயே நாத்தடுமாறிச் சாய்ந்தார். தமக்கு உயர் குருதியமுக்கம் இருந்ததை அவர் அறிந்தாரல்லர். சோற்றின்மேல் உப்புத் தூவாது அவர் உண்டதுமில்லை. உப்பொன்றே காரணமெனத் துணிந்துரைக்க நாம் வைத்தியரல்லோம். ஆயினும் அன்று தொட்டு நம் மேசையில் உப்புக் கிண்ணத்துக்கு இடமில்லை.

"எம் பாட்டன்மார் ஊறுகாயும் கருவாடும் உண்டு நெடிது வாழ்ந்தனரே" எனச் சிலர் வினவுவர். அவர்கள் வெயிலிலே தோட்டங் கொத்தினர். துலா மிதித்து நீரிறைத்தனர். வியர்வையோடு உப்பும் வெளியேறிற்று. நாமோ நாற்காலியில் இருந்துகொண்டு அவர்தம் நாவை மட்டும் உரிமையாக்கிக் கொண்டோம். போதாக்குறைக்குப் பாணிலும் பொதிசெய்த நொறுக்குத் தீனிகளிலும் உறையும் உப்பு நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. இந்துப்புத் தீங்கற்றதென நம்புவாரும் உளர். அதுவும் பெரும்பாலும் சோடியங் குளோரைட்டே. அயடீன் சேர்க்கப்படாவிடின் அந்நன்மையும் அதற்கில்லை.

வள்ளுவர் ஊடலுக்கு உப்பையே உவமை கூறினார். அளவறிதலே அங்கும் இங்கும் இன்பம். சிறிது சிறிதாகக் குறைப்பின், சில வாரங்களில் நாவும் பழகிவிடும். கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையும் விடுதிச் சமையலறையும் இதற்கு வழிகாட்டல் வேண்டும். விழா நினைவாகக் கட்டடம் எழுப்ப முன்வரும் பழைய மாணவர், ஆண்டுக்கொருமுறை ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் குருதியமுக்கம் அளந்து பார்க்கவும் ஒழுங்கு செய்வாராக. உப்பிட்ட கல்லூரியை நினைத்தல் நம் கடன். இன்று அங்கு உண்போர்க்கு உப்பின் அளவை உணர்த்துதலும் அக்கடனுள் அடங்கும்.