செங்காந்தள் வளர்ப்போர் கவனிக்க வேண்டியது

தோட்டங்களில் அழகிற்காக வளர்க்கும் கொடிகளுள் செங்காந்தளுக்கு ஒப்பானவை அரிய. தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதன் ஆறு இதழ்களும் முதலில் பசுமை கலந்து தோன்றி, பின் மஞ்சளாகி, முடிவில் செந்நிறம் அடைகின்றன. ஆயினும் இதனைப் பந்தலில் ஏற்றுவோர் அழகை மட்டும் கருதுதல் போதாது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று குடியானவர்கள் வழங்குவது இதன் கிழங்கையே. அதிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் கொடிய விஷம் மிகுதி. வள்ளிக்கிழங்கென மயங்கி இதனை உண்டு மாண்டோர் உளர்.

கொடியை அறிவது எளிது. செங்காந்தளின் இலை நுனியே நீண்டு சுருண்டு கொழுகொம்பைப் பற்றும். வள்ளிக்கொடியோ தண்டினால் சுற்றி ஏறும். ஆனால் கோடையில் கொடி காய்ந்து மறைய, கிழங்கு மட்டுமே மண்ணில் தங்கும். தோண்டுவோர் ஏமாறுவது அக்காலத்திலேயே.

ஆகையால் கொடி பசுமையாயிருக்கும்போதே அவ்விடத்தில் கல் நாட்டி அடையாளமிடுதலும், உண்ணும் கிழங்குப் பாத்திகளுக்கு அருகில் நடாதிருத்தலும் அவசியம். ஆனி, ஆடி மாதங்களில் நீர் தேங்காத நிலத்தில் நடலாம். முளைக்கும் முனை ஒடிந்த கிழங்கு பயன்படாதாகையால் ஜாக்கிரதையாகக் கையாண்டு, பின் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும்.

விஷமென்று அஞ்சி வேலியோரக் கொடிகளை வெட்டியெறிதல் தக்கதன்று. இதன் விதை மூட்டு நோய் மருந்துக்கு உதவுவதால் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் பணப்பயிராகவும் விளைகிறது. கிராம அதிகாரிகள் இவற்றை ஊராருக்கு எடுத்துரைப்பின் கொடியும் நிலைக்கும், உயிர்ச்சேதமும் நேராது.