யாருக்காக இந்த ‘அப்டேட்’?

இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, கைகால் கழுவுவதற்குள் செல்போன் ஒலிக்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தால் ஆள் இல்லை. ஒரு கேள்வி நிற்கிறது. புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். இப்போதே ஏற்றவா, இரவு ஏற்றவா என்று கேட்கிறது. ‘இரவு’ என்றால் நாளைக்கும் அதே கேள்வி. ‘இப்போதே’ என்றால் அன்றைய டேட்டா முழுவதும் அதற்கே சரியாய்ப் போகிறது. பாதி ஏறியதும், ‘இடம் போதவில்லை, படங்களை அழியுங்கள்’ என்கிறது. பேரப்பிள்ளையின் படத்தை அழித்து இடம் கொடுத்து, விடியும்வரை காத்திருந்து பார்த்தால், நேற்றுவரை ஓடிய போன் இன்று நொண்டுகிறது!

மதுரை நகரின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரக் கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. “செல்போன் சமாசாரமெல்லாம் ஒரு பிரச்னையா? வேலை இல்லாதவர்கள் பேசுகிற பேச்சு” என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். அந்தப் போன் நொண்டினால் ஒரு நாள் கூலி போகிறது என்று தெரிந்த பிறகும் அவர்களால் சிரிக்க முடிகிறதா என்று பார்ப்போம்.

குழப்பம் எங்கே இருக்கிறது?

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். ‘அப்டேட்’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் நம்மிடம் வருகின்றன. போனை இயக்கும் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு ஒன்று. 2020-ல் 11, 2021-ல் 12, 2022-ல் 13, 2023-ல் 14, 2024-ல் 15, 2025-ல் 16 என்று வருஷத்துக்கு ஒன்றாக அது வந்துகொண்டிருக்கிறது. திருடர் நுழையும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம் இரண்டாவது. பணம் அனுப்பவும் செய்தி அனுப்பவும் வருகை பதியவும் நாம் வைத்திருக்கிற செயலிகளின் புதிய பதிப்பு மூன்றாவது. எது அவசரம், எது தள்ளிப்போடக்கூடியது என்று நமக்குப் புரிகிற தமிழில் எடுத்துச் சொல்வாரில்லை.

தாமதத்துக்கும் காரணம் உண்டு. ஆண்ட்ராய்டைச் செய்வது அமெரிக்காவின் கூகுள் கம்பெனி. அது புதிய பதிப்பை வெளியிட்டதும் நேராக நம் கைக்கு வந்துவிடுவதில்லை. போனுக்குள்ளே இருக்கும் சில்லைச் செய்கிற கம்பெனி அதைத் தன் சில்லுக்குப் பொருத்தவேண்டும். பிறகு போன் கம்பெனி தன் சொந்த ஜோடனைகளைச் சேர்க்கவேண்டும்; ஒவ்வொரு மாடலிலும் சோதிக்கவேண்டும்; அதன்பின் பகுதி பகுதியாக அனுப்பவேண்டும். ஒரே தெருவில், ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடல் போனில், ஒருவருக்கு முந்தியும் ஒருவருக்குப் பிந்தியும் வருவது இதனால்தான். இந்தச் சங்கிலியைக் குறுக்குவதற்கென்று 2017-ல் கூகுளே ஓர் ஏற்பாடு செய்தது. பலன் யாருக்குக் கிடைத்தது? 2024 ஜனவரியில் சாம்சங் தன் உயர்ந்த ரகப் போனுக்கு ஏழு வருஷம் அப்டேட் தருவோம் என்று அறிவித்தது. அந்தப் போனின் விலை 75,000 ரூபாய்க்கு மேல்! நம் கையில் இருக்கிற மலிவு ரகங்களுக்கு அந்த வாக்குறுதி இல்லை. ஒன்றிரண்டு பதிப்போடு கை கழுவப்பட்ட போன்கள் எத்தனையோ.

வசதி உள்ளவனுக்கு ஏழு வருஷம். உழைப்பவனுக்கு ‘புதுப் போன் வாங்கு’ என்ற உபதேசம். நீதி இப்படி இருக்கிறது.

கூலியில் விழும் அடி

போன் வெறும் பேச்சுக் கருவியாக இருந்த காலம் போய்விட்டது. சர்க்காரே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகை பதிவதற்கென்று 2021-ல் ஒரு செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கிட்டத்தட்ட எல்லாப் பணித்தளங்களிலும் அது கட்டாயம் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த போட்டோ ஏறவேண்டும். அதற்கு யாருடைய போன்? பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் ஏழைப் பெண்ணின் சொந்தப் போன்!

கண்மாய்க் கரையில் விடிந்ததும் வந்து நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். செயலி, ‘புதிய பதிப்பை ஏற்று’ என்கிறது. போனோ, ‘எனக்கு வயதாகிவிட்டது, ஏற்க முடியாது’ என்கிறது. சிக்னலைத் தேடி மேட்டில் ஏறி நின்றாலும் பயனில்லை. மண் வெட்டியது உண்மை, சுமந்தது உண்மை, வியர்வை உண்மை. போட்டோ ஏறவில்லை என்றால் கூலி பொய்யாகிவிடுகிறது. இந்த முறையை எதிர்த்து 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் பல மாநிலத் தொழிலாளர்கள் வாரக் கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

ஊழலை ஒழிக்கத்தான் செயலி என்றார்கள். ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்த படங்களும் ஏற்றப்படுகின்றன என்று அதிலே ஒப்புக்கொண்டது. திருடனுக்கு வழி கிடைத்துவிட்டது; வேலை செய்தவள்தான் மாட்டிக்கொண்டாள். 2025 டிசம்பரில் அந்தத் திட்டத்தின் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதுவும் டிஜிட்டல் பதிவையும் கண்காணிப்பையுமே வலியுறுத்துகிறது.

அங்கன்வாடி ஊழியர் கதையும் இதுவே. 2021-ல் அவர்களுக்கென்று ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலி வந்தது. மகாராஷ்டிரத்தில் சர்க்கார் கொடுத்த போன்களில் நினைவகம் 2 ஜிபிதான். செயலி ஏறியதும் போன் சூடாகிறது, நின்றுபோகிறது என்று, அதே வருஷம் ஆகஸ்டில் அந்தச் சகோதரிகள் போன்களைத் திரட்டிக் கொண்டுபோய் சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அது போராட்டம்!

ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் இது தூரத்துச் சங்கதியா? 2025 ஆகஸ்டு 1 முதல் சேமநலநிதிக்குப் புதிய கணக்கு எண் பெறுவதற்கு, பொதுவாக ‘உமங்’ செயலியில் முகத்தைக் காட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய போனோடு ஆலைக்குள் நுழையும் இளைஞன் என்ன செய்வான்? மேஸ்திரியின் போனைக் கேட்டு நிற்பான். அவர் முகம் கோணாமல் கொடுத்தால் பிழைத்தான்.

மண்வெட்டியும் ரிங் பிரேமும்

ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறோம். நூற்பாலையில் ரிங் பிரேம் பழையதாகிவிட்டால் புதியது வாங்குவது யார்? முதலாளி. “நாளைக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒரு ரிங் பிரேம் கொண்டுவா” என்று தொழிலாளியிடம் சொல்ல எந்த முதலாளிக்கும் துணிவு வந்ததில்லை. போன் விஷயத்தில் மட்டும் அந்தத் துணிவு எல்லோருக்கும் வந்துவிட்டது!

“விவசாயத் தொழிலாளி சொந்த மண்வெட்டியைக் கொண்டுவருகிறானே” என்று வாதிக்கலாம். கொண்டுவருகிறான், வாஸ்தவம். ஆனால் மண்வெட்டி மழுங்கினால் உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் தட்டிக் கூராக்கிக் கொள்ளலாம். காம்பு ஒடிந்தால் வேலிக் கம்பை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். ‘இந்த வருஷத்தோடு இந்த மண்வெட்டி மண்ணில் இறங்காது’ என்று அமெரிக்காவிலிருந்து யாரும் உத்தரவு போட முடியாது. போனுக்கு அப்படி உத்தரவு போட முடிகிறது.

கணக்கும் பார்த்துவிடுவோம். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். சுமாரான போன் ஒன்று 10,000 ரூபாய் என்று வைத்தால், அது முப்பது நாள் கூலி. நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தாலும் அதிலே பத்தில் மூன்று பங்கு போனுக்கே போகும். வருகை பதிவதற்குப் போன். போன் வாங்குவதற்கு வேலை! செக்குமாடு சுற்றுகிறது, எண்ணெய் எவன் வீட்டுக்கோ போகிறது.

பழைய தந்திரம்

இந்தத் தந்திரம் புதிதன்று. 1924-ல் உலகத்தின் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு பல்பு ஆயிரம் மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் நீடித்து எரிகிற பல்பைச் செய்தவனுக்கு அபராதம்! அதற்கு முன் அதைவிட நீண்டகாலம் எரிந்த பல்புகளை, விற்பனை பெருகுவதற்காகவே ஆயுளைக் குறைத்தார்கள்.

போனிலும் இது அம்பலமானது. பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த போன் திடீரென்று அணைந்துபோகாமல் காக்கவே அப்படிச் செய்தோம் என்று சமாதானம் சொன்னது. முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. அப்டேட்டால் போன் மந்தமானதற்காக 2018-ல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. வாங்கியவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று 2020-ல் பிரான்சில் ஆப்பிள் 2.5 கோடி யூரோ கட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விதியே வந்துவிட்டது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்கவேண்டும்; உதிரிபாகங்கள் ஏழு வருஷம் கிடைக்கவேண்டும்.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இது போதும். அதே வருஷம் ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய சர்க்கார் ஒரு கமிட்டியும் போட்டது. கமிட்டி போட்டால் போதுமா? பெரியார் பஸ் நிலையப் பக்கத்துக் கடைகளில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன்களுக்கு உயிர் கொடுக்கிற தொழிலாளியின் கைக்கு, நியாய விலையில் உதிரிபாகம் வந்து சேர்வதற்குச் சட்டம் வேண்டும்.

நாம் கேட்பது

நாம் அப்டேட்டுக்கு விரோதிகள் அல்ல. பாதுகாப்புத் திருத்தம் ஏறாத போன், தாழ்ப்பாள் இல்லாத வீடு. பாங்கிப் பணத்தை அதில் வைத்திருக்கிற ஏழைக்கு அது ஆபத்து. யந்திரம் வளரட்டும், வேலை சுலபமாகட்டும். அந்த வளர்ச்சியின் செலவை மட்டும் எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இவை:

வேலைக்குப் போன் வேண்டுமென்றால், வேலை கொடுப்பவர் போன் கொடுக்கட்டும். டேட்டாச் செலவும் அவருடையது.

செயலி ஏறாத நாளில் காகித மஸ்டர் ரோல் செல்லவேண்டும். கருவியின் குற்றத்துக்குக் கூலியைப் பிடிக்கக்கூடாது.

சர்க்கார் செயலிகள் பழைய, மலிவுப் போன்களிலும் ஓடவேண்டும். பதிப்பு மாறுவதற்கு முன்னால் தமிழில் அறிவிப்பு வேண்டும்.

எத்தனை வருஷம் அப்டேட் தருவோம் என்பதைப் போன் பெட்டியின் மேலேயே விலையோடு அச்சிடவேண்டும். குறைந்தபட்ச வருஷத்தைச் சட்டம் நிர்ணயிக்கவேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய பதிப்பை வேலைக்குப் போகும் காலையில் தொடாதீர்கள். விடுமுறை நாளில், படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு ஏற்றுங்கள். வருகை ஏறவில்லையானால், போன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே எல்லோரும் கையெழுத்திட்டு ஊராட்சியில் மனுக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். ஒருத்தி போய் நின்றால், “உன் போன் சரியில்லை, போம்மா” என்பார்கள். நாற்பது பேர் போய் நின்றால், எது சரியில்லை என்பதை அவர்களே தேடத் தொடங்குவார்கள்.