ஆப்பிளுக்கு வழி பிறந்தது, அம்பத்தூருக்கு?

"அமெரிக்காவுக்குப் பதிலடி" என்று செய்தி வந்தால் இங்கே ஒரே கைதட்டல். நாலு வருடம் கழித்து "பேச்சுவார்த்தை வெற்றி" என்று வந்தால் அதற்கும் கைதட்டல். நடுவில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

கணக்கு இதோ. 2018 மார்ச்சில் டிரம்ப் அரசு, இறக்குமதியாகும் உருக்குக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீத வரி போட்டது. இந்தியா ஜூனில் பதில் வரியை அறிவித்துவிட்டு, பேசித் தீர்க்கலாம் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. பலன்? 2019 ஜூன் 5-ல் ஜிஎஸ்பி சலுகையும் போனது. வளரும் நாடுகளின் பல பொருட்களை வரி இல்லாமல் அமெரிக்காவுக்குள் விடும் திட்டம் அது. வாகன உதிரி பாகங்கள் பலவும் அதில் போய்க்கொண்டிருந்தன. ஜூன் 16-ல்தான் இந்தியா பதில் வரியைப் போட்டது. ஆப்பிளுக்கு 50 சதவீதம் 70 ஆனது.

2023 ஜூனில் பிரதமரின் வாஷிங்டன் பயணத்தின்போது சமரசம். ஆப்பிள், பாதாம், வால்நட், கொண்டைக்கடலைக்கெல்லாம் கூடுதல் வரியை நீக்க இந்தியா ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அமெரிக்கா உருக்கு வரியை நீக்கவில்லை. விலக்கு கேட்டு வரும் விண்ணப்பங்களில் உருக்குக்கு 70, அலுமினியத்துக்கு 80 சதவீதத்தை ஏற்போம் என்றது. விண்ணப்பம் போட வேண்டியதும் அமெரிக்க நிறுவனம்தான்!

ஜிஎஸ்பி திட்டமே 2020 கடைசியில் காலாவதியாகிவிட்டதே, எதைத் திருப்பிக் கேட்பது என்பார்கள். நியாயம்தான். ஆனால் திட்டம் புதுப்பிக்கப்பட்டால் இந்தியாவுக்கு இடம் உண்டு என்றாவது எழுதி வாங்கியிருக்கலாமே? கூட்டறிக்கையில் அது வெறும் விருப்பமாகத்தான் நின்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். அவர்களும் 2018-ல் ஹார்லி-டேவிட்சனுக்கும் விஸ்கிக்கும் வரி போட்டார்கள். 2021-ல் சமரசமானபோது, ஆண்டுக்கு 33 லட்சம் டன் உருக்கை அந்த 25 சதவீத வரி இல்லாமல் அனுப்ப வழி வாங்கினார்கள். தங்கள் பதில் வரியை நிறுத்திவைத்தார்களே தவிர நீக்கவில்லை. கத்தி உறைக்குள் போனது, குப்பைக்குப் போகவில்லை.

இதெல்லாம் டெல்லி விவகாரம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டும் திருமழிசை சிட்கோவும் ஒதுங்க முடியாது. இறக்குமதி வரியை அமெரிக்க இறக்குமதியாளர் கட்டுகிறார். உடனே விலையைக் குறை என்கிறார். ஏற்றுமதி செய்யும் பெரிய கம்பெனி அந்தச் சுமையைச் சப்ளையர் தலையில் வைக்கிறது. கடைசியில் நாலு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரின் ரேட்டும், அங்கே வேலை பார்ப்பவரின் ஓவர்டைமும்தான் அடிபடும்.

2025 மே மாதம் உதிரி பாகங்களுக்கு 25 சதவீதம், ஜூனில் உருக்குக்கு 50 சதவீதம் என்று அமெரிக்கா மறுபடி அடித்தது. பதிலடி கொடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று இந்தியா ஜூலையில் உலக வர்த்தக அமைப்பிடம் தெரிவித்தது. தெரிவிப்பது சுலபம். பேச உட்காரும் முன் சிறுதொழில் சங்கங்களைக் கேட்க வேண்டும். எதைக் கொடுத்தோம், எதை வாங்கினோம் என்று பொருள் வாரியாக வெளியிட வேண்டும். கொடுத்ததும் வாங்கியதும் ஒன்றுக்கொன்று சரியாக வராத கணக்கை பி.காம் முதல் வருட மாணவனே ஏற்க மாட்டான். நாடு மட்டும் ஏன் கைதட்ட வேண்டும்?