வரலாற்றுப் புதினத்தில் வசைச்சொல்

வரலாற்றுப் புதினம் படிக்கும் நம் பிள்ளைகள் ‘துலுக்கன்’, ‘மிலேச்சன்’ போன்ற சொற்களைக் கண்டு மனம் வருந்துவதுண்டு. அவற்றை நீக்கிவிட வேண்டும் என்பர் சிலர். அக்காலத்தவர் அப்படித்தான் பேசினர், ஆகவே எதிர்த்துக் கேட்கலாகாது என்பர் வேறு சிலர். இரண்டுமே அரைகுறை விடைகள்.

‘துலுக்கர்’ என்பது துருக்கியரைக் குறித்த பெயரிலிருந்து பிறந்த சொல். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் இன்றும் போற்றப்படுகிறார். துலுக்கச் சாமந்தி நம் வீட்டுத் தோட்டத்திலும் பூக்கிறது. அதே சொல் தெருச்சண்டையில் வசையாகவும் வீசப்படுகிறது. ஆகவே சொல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூற இயலாது. அதைச் சொல்பவர் யார், எக்காலத்தில், எந்த நோக்கத்தில் சொல்கிறார் என்பதே கேள்வி.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவிலேயே நடக்கும் நகைச்சுவை நாடகம். கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன் பௌத்த பிக்குவைத் திருடன் என்று பழித்துச் சண்டையிடுகிறான். சமயத்தார் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டதை ஓர் அரசனே எழுதி வைத்திருக்கிறான். அந்த ஏச்சை அழித்துவிட்டால் அக்காலத்துக் காஞ்சியின் ஒரு முகமே மறைந்துபோகும்.

நம் மார்க்கமும் இதில் தெளிவான வழியைக் காட்டுகிறது. பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 11ஆம் வசனம் தடுக்கிறது. ஆயினும் அதே வேதம், இறைத்தூதர்களைச் சூனியக்காரர் என்றும் பைத்தியக்காரர் என்றும் மறுப்பாளர்கள் ஏசியதை மறைக்காமல் எடுத்துரைக்கிறது. ஏசியவர்களின் வாயிலேயே அச்சொல் நிற்கிறது. அதற்கு மறுப்பும் உடன் வருகிறது. வசையைப் பதிவு செய்வது வேறு, வசை பாடுவது வேறு.

இதுவே எழுத்தாளருக்கும் அளவுகோல். வெறி கொண்ட படைவீரன் ஒருவன் இழிசொல் பேசினால் அது அவனுடைய குணத்தைக் காட்டும். கதை சொல்லும் ஆசிரியரே தம் வருணனையில் ஒரு கூட்டம் முழுவதையும் அச்சொல்லால் குறித்தால், அங்கே பேசுவது வரலாறு அன்று, காழ்ப்பு.

துல்லியம் என்பது வசைச்சொல்லுக்கு மட்டும் உரியதும் அன்று. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் சூழ்ச்சி புரியும் நாகநந்தி ஒரு பௌத்த பிக்கு. அப்பாத்திரத்தைப் படைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் அங்குக் கண்ட ஏராளமான பௌத்த மடங்களையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒரு வில்லனே ஒரு சமயத்தின் முகமாகிவிடுவான்.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி 1688இல் வரதராசப் பெருமாள் திருமேனி காஞ்சியிலிருந்து உடையார்பாளையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அந்த அச்சம் உண்மை. அதை எழுதுவதில் நமக்கு மனத்தாங்கல் தேவையில்லை. 1710இல் அத்திருமேனி காஞ்சிக்குத் திரும்பத் துணைநின்றவர், முகலாயர் வழிவந்த கர்நாடக ஆட்சியின் படைப்பொறுப்பில் இருந்த லாலா தோடர்மால். இதுவும் உண்மை. முதலாவதை மட்டும் எழுதி, அதன்மேல் வசைச்சொற்களையும் தூவிவிட்டு, ‘வரலாற்றைத்தான் சொன்னேன்’ என்பவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆகவே பெற்றோர்களே, அத்தகைய நூலைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள். உடன் அமர்ந்து படியுங்கள். இச்சொல்லைச் சொல்பவன் பாத்திரமா, ஆசிரியரா என்று கேளுங்கள். ஏசப்பட்டவருக்கும் கதையில் பேச இடம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மற்றச் சமயத்தாரை இழிவுபடுத்தும் சொல் நம்மவர் எழுதிய கதையில் வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். அப்போதுதான் நம் கேள்விக்கு நியாயம் இருக்கும்.